நவம்பரில் நிறுத்தி ஏப்ரலில் எடுக்க

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பைக் ஓட்டிப் பழகியவருக்கு, நன்றாக ஓடுகிற வண்டியை ஐந்து மாதம் மூடி வைப்பது முதலில் வேடிக்கையாகத்தான் இருக்கும். அடைமழையிலும் முழங்கால் தண்ணீரிலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தவர் அவர். பைக்குக்கு விடுமுறை என்று ஒன்று உண்டு என்பதை அவர் அறிவது டொரொன்டோவுக்கோ மொன்றியலுக்கோ வந்து சேர்ந்த முதல் நவம்பரில்தான்.

அங்கே அது விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் இல்லை. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். மோட்டார் சைக்கிளுக்கும் அதில் விலக்கு கிடையாது. ஜெர்மனியில் 1997 முதல் பருவகால நம்பர் பிளேட் நடைமுறையில் இருக்கிறது. பிளேட்டின் வலது ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று இருந்தால் அந்த வண்டி ஏப்ரல் தொடக்கம் முதல் அக்டோபர் முடியும் வரைதான் சாலைக்கு வரலாம். மற்ற மாதங்களில் பொதுத்தெருவில் நிறுத்தி வைப்பதுகூடக் குற்றம். ஒன்டாரியோவில் அப்படித் தடை ஏதும் இல்லை. அந்த மாகாணத்தின் போர்ட் டோவர் என்ற சிற்றூரில் 1981 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, சில நண்பர்கள் பைக்கில் கூடினார்கள். அன்று முதல் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையில் வரும்போதெல்லாம் பைக்காரர்கள் அங்கே திரள்வது வழக்கமாகிவிட்டது. கோடையில் வந்தால் ஊர் கொள்ளாத கூட்டம். ஜனவரியில் வந்தால் விரல்விட்டு எண்ணக்கூடிய பிடிவாதக்காரர்கள். மற்ற எல்லோருடைய வண்டியும் அப்போது போர்வைக்குள் இருக்கும்.

வண்டி கெடுவதற்குக் குளிரைக் குற்றம் சொல்வது வழக்கம். ஏப்ரலில் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிகளை அவிழ்த்துப் பார்த்தால் உண்மையான குற்றவாளி தண்ணீர்தான். பெட்ரோலுக்குள் தண்ணீர், ஆயிலுக்குள் தண்ணீர், பேட்டரிக்குள் தண்ணீர், பிரேக் ஆயிலில் தண்ணீர், போர்வைக்கு அடியில் தண்ணீர். குளிர் அதற்குத் துணைபோகிறது, அவ்வளவே. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு வேலையும் ஏதோ ஓர் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் வேலை.

கடைசிச் சவாரி

நாள் குறிப்பது எளிது. சாலையில் முதல் உப்பு விழுவதற்கு முன் வண்டி உள்ளே போய்விட வேண்டும். பனி உருகுவதற்காகக் கனடாவின் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு தூவப்படுகிறது. அந்த உப்புத் தண்ணீர் ஒருமுறை செயினிலும் சைலன்சரிலும் பட்டால், கழுவாமல் நிறுத்திய ஒரு குளிர்காலத்தில் பல வருடத் துருவைப் பார்த்துவிடலாம்.

கடைசிச் சவாரி பெட்ரோல் பங்குக்குப் போய்த் திரும்புவதாக இருந்தால் இரண்டு வேலைகள் ஒன்றாக முடியும். டேங்க் நிரம்பிவிடும், வீடு வரும்போது எஞ்சினும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு ஆயிலை இறக்கினால் அழுக்கெல்லாம் சேர்ந்து இறங்கும்.

டேங்கை விளிம்பு வரை நிரப்பச் சொல்வது ஏன்? பாதி டேங்கில் மீதிப் பாதி காற்று. பகலில் கொஞ்சம் சூடு, இரவில் கடுங்குளிர் என்று மாறும்போது அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் இரும்புச் சுவரில் வியர்வையாகப் படியும். சுவர் துருப்பிடிக்கும், வழிந்த தண்ணீர் அடியில் தேங்கும். நிரம்பிய டேங்கில் வியர்க்க இடமில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலில் சிக்கல் இன்னும் அதிகம். ஒன்டாரியோவில் 2020 முதல் சராசரியாக 10 சதவீதமும் 2025 முதல் 11 சதவீதமும் எத்தனால் சேர்க்க வேண்டும் என்பது விதி. இந்தியாவில் அது 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஓரளவு வரைதான் அது முடியும். அந்த அளவும் குளிர் கூடக் கூடக் குறைந்துகொண்டே போகும். எல்லை தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியும் அந்த அடியில்தான் இருக்கிறது.

இதற்காகவே ஃப்யூல் ஸ்டெபிலைசர் என்ற திரவம் விற்கிறார்கள். அதைப் பங்கில், பெட்ரோல் போடுவதற்கு முன்பே டேங்கில் ஊற்றிவிட வேண்டும். மேலே பெட்ரோல் விழும் வேகத்தில் தானாகக் கலந்துவிடும். அளவு பாட்டிலில் எழுதியிருக்கும். இரண்டு மடங்கு ஊற்றினால் இரண்டு மடங்கு நன்மை என்றெல்லாம் இல்லை. பிறகு பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டினால்தான் மருந்து கலந்த பெட்ரோல் குழாய், பம்ப், இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். வீட்டுக்கு வந்து டேங்கில் ஊற்றிவிட்டு எஞ்சினை ஓட்டாமலே நிறுத்துகிறவர்கள் டேங்கை மட்டும் காப்பாற்றுகிறார்கள்.

கார்புரேட்டரின் அடித் திருகாணி

இன்ஜெக்டர் வண்டிக்கு இத்தோடு பெட்ரோல் வேலை முடிந்தது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஆயில் மாற்றி எஞ்சினைக் கடைசியாக அணைத்தபின் செய்ய வேண்டியது அது.

முதலில் பெட்ரோல் காக்கை மூட வேண்டும். கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் போன்ற பகுதி இருக்கும். அதன் கீழே ஒரு சின்னத் திருகாணி. அதற்கு நேராக ஒரு கண்ணாடிக் குப்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தளர்த்தினால் மிச்சப் பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கும். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது நல்லது. பெட்ரோலுக்கு அடியில், பாதரசம் போலத் தனித்து உருளும் முத்துகள் தெரிந்தால் அதுதான் தண்ணீர். மிச்சப் பெட்ரோலை இறக்காமல் விட்டால் அது மெல்ல ஆவியாகி, பச்சையும் பழுப்புமான பிசின் ஒன்று உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஐடிலிங்குக்கான பைலட் ஜெட்டின் துளை பெரும்பாலான பைக்குகளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது அடைபட்டால் ஏப்ரலில் வண்டி ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்ததும் அணைந்துபோகும். பிறகு கார்புரேட்டரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நவம்பரில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை ஏப்ரலில் ஒரு நாளைத் தின்னும்.

இறக்கிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. பழைய ஆயிலோடு சேர்த்து நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடலாம்.

ஆயில் இப்போதா, ஏப்ரலிலா?

“ஐந்து மாதம் ஓடாத வண்டிக்குப் புது ஆயில் எதற்கு? எடுக்கும்போது மாற்றிக்கொள்ளலாமே” என்பது சிக்கனக்காரர்களின் வாதம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே ஆவியாகப் போய்விடும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் கொஞ்சம், எரிந்த மிச்சத்தோடு சேர்ந்து ஆயிலில் அமிலமாக நிற்கும். பழைய ஆயிலோடு நிறுத்துவது, பேரிங்குகளை ஐந்து மாதம் அந்த அமிலத்தில் ஊற வைப்பதற்குச் சமம்.

ஆகவே நவம்பரிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். எஞ்சின் சூடு ஆறுவதற்குள் புது ஆயிலை ஊற்றி, ஓரிரு நிமிடம் ஓட்டி, எல்லா இடத்திலும் படிய விட்டு அணைத்துவிடலாம். அதன்பின் ஏப்ரல் வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கராஜுக்குப் போய் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டிவிட்டு வருவதை வண்டிக்குச் செய்யும் சேவை என்று நினைக்கிறார்கள். மைனஸ் 10 டிகிரியில் ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாது. அதற்குள் உண்டான தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்யப் பேட்டரி இழந்த சக்தியும் அதற்குள் திரும்பக் கிடைக்காது.

ஒரு குளிர்காலத்துக்கும் மேலாக நிறுத்தப்போகும் பழைய வண்டி என்றால், பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, எஞ்சினைச் சில சுற்று சுற்றிவிட்டுப் பிளக்கைத் திரும்ப மாட்டுவது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். சிலிண்டர் சுவரில் துரு பிடிக்காது.

பேட்டரி: அமிலம் தண்ணீராகும் இடம்

பேட்டரி சார்ஜ் இறங்கும்போது அதிலுள்ள கந்தக அமிலம் ஈயத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சும் திரவம் வரவரத் தண்ணீராகும். குளிர்நாட்டில் இது வேதியியல் பாடத்தோடு நிற்பதில்லை. முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. முற்றிலும் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 டிகிரியை எட்டும் முன்பே உறைந்து, பெட்டி வெடித்துவிடும். வின்னிபெக் போன்ற ஊர்களில் குளிர் மைனஸ் 30ஐத் தாண்டுவது சாதாரணம்.

எஞ்சின் அணைந்திருந்தாலும் கடிகாரமும் அலாரமும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே பேட்டரியைக் கழற்றிவிடுவதே நல்லது. கழற்றும்போது முதலில் மைனஸ் முனை, பிறகு பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், பிறகு மைனஸ். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் சட்டத்தில் பட்டுப் பொறி பறக்கும்.

கராஜில் மின்சாரம் இருந்தால், முழுச் சார்ஜ் ஆனதும் தானே சார்ஜ் செய்வதைக் குறைத்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜரில் மாட்டிவிடலாம். சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் விட்டால் பேட்டரி வெந்துபோகும். அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடி நிறுத்துமிடத்தில் வண்டி நிற்கிறது, அங்கே பிளக் பாயின்ட் இல்லை என்றால், பேட்டரியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து மாதம் ஒருமுறை மல்ட்டிமீட்டரால் பார்த்தால் போதும். ஓய்வில் இருக்கும் ஈய பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நலம், 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது மரப்பெட்டியில் பேட்டரி வந்த காலத்து நம்பிக்கை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

லித்தியம் பேட்டரிக்குத் தனிச் சட்டம். அது தானாக அதிகம் இறங்காது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் நிரந்தரமாகக் கெடும். அதற்கென்று உள்ள சார்ஜரில்தான், அறையின் வெதுவெதுப்பில்தான் ஏற்ற வேண்டும்.

ரேடியேட்டர் உள்ளதா?

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்து கனடாவுக்குப் போகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் பலவற்றுக்கு இந்தப் பகுதியே தேவையில்லை. 350 சிசி கிளாசிக்கும் 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளும் காற்றாலும் ஆயிலாலும் குளிர்பவை. உறைந்துபோக அவற்றில் தண்ணீர் இல்லை. 2023இல் வந்த ஹிமாலயன் 450இல் ரேடியேட்டர் உண்டு. பெயர் ஒன்றுதான் என்று நினைத்துப் பழைய 411 சிசி ஹிமாலயன்காரரின் யோசனையைக் கேட்டுப் புது வண்டிக்காரர் கூலன்ட்டைக் கவனிக்காமல் விடக் கூடாது.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். அந்த அழுத்தம் அலுமினிய எஞ்சின் பிளாக்கையே விரிசல் விட வைக்கும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கூலன்ட் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. “இன்னும் பத்திரமாக இருக்கட்டும்” என்று தண்ணீரே சேர்க்காமல் கிளைக்காலை மட்டும் ஊற்றுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். கலவைதான் காக்கிறது. ரேஸ் பாதைகளில் வழுக்கும் என்று பல இடங்களில் கிளைக்காலுக்குத் தடை உண்டு. அங்கே ஓட்டுவதற்காக வெறும் தண்ணீர் நிரப்பிய வண்டிதான் குளிர்காலத்தில் முதலில் பலியாகும். உதிரி பாகக் கடையில் கிடைக்கும் மலிவான கூலன்ட் சோதனைக் கருவி, உள்ளே இருப்பது எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று காட்டிவிடும்.

பிரேக் ஆயிலுக்கும் இதே சந்தர்ப்பத்தில் முறை வரும். டாட் 4 வகை ஆயில் ஈரத்தை இழுக்கும். புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். பெரும்பாலான கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன.

கழுவு, காய வை, பூசு

கழுவுவதைவிடக் காய வைப்பதுதான் முக்கியம். கழுவியபின் சிறிது தூரம் ஓட்டினால் இடுக்குகளில் நிற்கும் தண்ணீர் வெளியேறும். ஆகவே கழுவும் வேலையைக் கடைசிச் சவாரிக்கு முதல் நாளே முடித்துவிடுவது உத்தமம். செயினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, செயின் லூப் பூச வேண்டும். பெயின்ட்டுக்கு மெழுகு. வெளியே தெரியும் இரும்புக்கும் குரோமுக்கும் துருத்தடுப்பு எண்ணெய். விமானங்களுக்காக உருவான ஏசிஎஃப்-50 போன்ற தெளிப்பான்களைக் குளிர்நாட்டு பைக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். தெளிக்கும்போது பிரேக் டிஸ்க்கையும் டயரையும் துணியால் மூடிவிட வேண்டும். அங்கே ஒரு துளி பட்டாலும் ஏப்ரலில் பிரேக் பிடிக்காது.

டயரில் 20 டிகிரியில் 36 பிஎஸ்ஐ காற்று அடித்தால், மைனஸ் 20இல் அது ஏறத்தாழ 29 பிஎஸ்ஐதான் காட்டும். காற்று எங்கும் கசியவில்லை, குளிரில் சுருங்கிவிட்டது. காற்று குறைந்த டயர் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடம் தட்டையாகும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவு வரை காற்று அடித்து, முடிந்தால் பேடாக் ஸ்டாண்டில் இரண்டு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தலாம். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகையோ பழைய கம்பளமோ போட்டு, மாதம் ஒருமுறை வண்டியைச் சற்று உருட்டி வைத்தாலே போதும்.

சுண்டெலியின் மாளிகை

குளிர் தொடங்கியதும் சுண்டெலி வீடு தேடும். ஏர் ஃபில்டர் பெட்டி அதற்கு மாளிகை: காற்று படாது, மழை வராது, மெத்தைக்கு ஃபில்டர் காகிதம், கடிக்க வயர். 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் உள்ளே நுழைந்துவிடும். ஃபில்டர் பெட்டியின் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்துவிட வேண்டும். சைலன்சருக்குள் துணியை மட்டும் திணித்தால் அதையே எலி மெத்தையாக்கிக்கொள்ளும். துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் திணித்து, பளிச்சென்ற சிவப்பு நாடா ஒன்று வெளியே தொங்க விடலாம். எஃகு நார் வைப்பவர்களும் உண்டு. அது துருப்பிடித்துச் சைலன்சரிலும் கறை வைக்கும்.

வண்டியின் மேலே காற்று புகும் துணிப் போர்வைதான் வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் அடியில் வியர்த்து, இவ்வளவு நேரம் துடைத்த தண்ணீர் திரும்ப வந்து சேரும். வீட்டின் நிலவறையில் கொதிகலனோ வாட்டர் ஹீட்டரோ இருந்தால் பெட்ரோல் நிரம்பிய வண்டியை அங்கே இறக்கவே கூடாது. பெட்ரோல் ஆவி தரையோடு தரையாகப் பரவிச் சுடரைத் தேடிப் போகும்.

காப்பீட்டை முழுவதுமாக ரத்து செய்வதும் பிழை. ஒன்டாரியோவில் ஓபிசிஎஃப் 16 என்ற பத்திரத்தின் வழியே ஓட்டுவதற்கான பாதுகாப்பை மட்டும் தற்காலிகமாக நிறுத்தி, திருட்டுக்கும் தீக்கும் உள்ள பாதுகாப்பைத் தொடரலாம். போர்வைக்குள் நிற்கும் வண்டியும் திருடு போகும்.

சாவியில் கட்டும் சீட்டு

எல்லாம் முடிந்ததும் ஒரு சிறிய அட்டையில் செய்தவற்றை எழுதிச் சாவியிலேயே கட்டிவிட வேண்டும்: சைலன்சர் அடைத்திருக்கிறது, ஃபில்டர் வாய் மூடியிருக்கிறது, பேட்டரி வீட்டில், பெட்ரோல் காக் மூடியிருக்கிறது, டயரில் காற்று அதிகம். ஐந்து மாதம் கழித்து, முதல் வெயிலைக் கண்ட உற்சாகத்தில் கராஜுக்கு ஓடி வருகிறவருக்கு இதில் பாதிகூட நினைவிருக்காது.

ஏப்ரலில் இந்தச் சீட்டைக் கடைசி வரியிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே போகலாம். டயரின் காற்று கையேட்டு அளவுக்கு, காக் திறப்பு, பேட்டரியில் பிளஸ், பிறகு மைனஸ், ஃபில்டர் வாய் திறப்பு. பிரேக் பிடிக்கிறதா, எல்லா விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பலத்த மழை ஒன்று பெய்து சாலையில் மிஞ்சிய உப்பையும் மணலையும் அடித்துப்போகும் வரை இரண்டொரு நாள் காத்திருந்தால் இன்னும் நல்லது. செல்ஃப் பொத்தானை அழுத்தும் முன் வண்டியின் பின்பக்கம் போய், அந்தச் சிவப்பு நாடாவைப் பிடித்து இழுத்துவிட வேண்டும்.